ஒரு கோல் வாங்கியதும் நம் அணி ஏன் உடைகிறது?

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க் கால்பந்து அணி ஒன்றைக் கவனித்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அணி முதல் இருபது நிமிடம் எதிரணியை மூச்சுவிட விடாமல் ஆடுகிறது. அப்புறம் ஒரு கோல் வாங்கினால் போதும், பத்து நிமிடத்துக்குள் இன்னொன்று, சில சமயம் மூன்றாவதும். முன்னிலையில் இருக்கும்போதுகூட, எதிரணி கொஞ்சம் ஏறி ஆட ஆரம்பித்தால் பையன்களின் முகம் மாறிவிடுகிறது. ஊரில் எல்லோரும் "பயலுகளுக்கு மனசு பத்தாது" என்கிறார்கள். அந்த மனசை எப்படி வளர்ப்பது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையன்களின் மனசைக் குறை சொல்லாதீர்கள். கோல் விழுந்த பிறகு வரும் ஐந்து நிமிடத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் பேச வேண்டும், பந்தை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பழக்கிக் கொடுத்ததில்லை. பழக்காத வேலையை நெருக்கடியில் யாராலும் செய்ய முடியாது. இத்தனை வருடம் இந்தக் கடற்கரை மைதானங்களின் ஓரம் நின்று பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அடுத்த மேட்ச்சில் உங்கள் அணி கோல் வாங்கியதும் பந்தைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். பின்வரிசையின் நடுவில் ஆடும் ஸ்டாப்பர்கள் இருவரும் தங்களை அறியாமலே ஏழெட்டு அடி பின்வாங்கி நிற்பார்கள். இன்னொன்று விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். முன்னே ஆடுகிறவர்கள் இதற்கு நேர் எதிர். உடனே திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று மேலே ஏறி நின்றுவிடுவார்கள். இடையில் நடுக்களத்தில் ஆடும் இரண்டு ஹாஃப்கள், அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் வெட்டவெளி. எதிரணியில் பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்த ஒருவன் இருந்தால் போதும், அந்த இடத்தில் அவன் நிதானமாக நின்று ஆட்டத்தை நடத்துவான். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு "பயலுக ஓடவே மாட்டேங்கிறானுக" என்று தோன்றும். உண்மையில் எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவருக்கொருவர் இருக்கும் தூரம்தான் கெட்டுப்போயிருக்கும்.

அதோடு இன்னொன்றும் நடக்கும். பந்து கேட்கிற குரல் நின்றுபோகும். பின்வரிசையில் ஆடும் பேக்கின் காலில் பந்து இருக்கும், நிமிர்ந்து பார்ப்பான், ஒருவனும் கை தூக்க மாட்டான். ஆளாளுக்கு ஒரு எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். வேறு வழியில்லாமல் அவன் தூக்கி அடிப்பான், பந்து போன வேகத்தில் திரும்பி வரும். இப்படி நாலு தடவை நடந்தால் இரண்டாவது கோல் வந்துவிடும். அது பயத்தால் விழுந்த கோல் என்று ஊர் சொல்லும். பந்து கேட்க ஆள் இல்லாததால் விழுந்த கோல் என்று நான் சொல்வேன். பயத்துக்குப் பயிற்சி கொடுப்பது கடினம். பந்து கேட்பதற்குப் பயிற்சி கொடுக்க முடியும்.

இது ஊர் அணிகளுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்ட்டியில் சொந்த மக்கள் முன்னால் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றது. முதல் கோல் 11-வது நிமிடத்தில் ஒரு கார்னரில் வந்தது. அதற்கப்புறம் 23, 24, 26, 29 என்று ஆறே நிமிடத்தில் நான்கு கோல்கள். அந்த நான்கையும் ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். 24-வது நிமிடக் கோலுக்குப் பிறகு மையத்தில் பந்து வைத்து ஆட்டத்தைத் தொடங்கிய சில விநாடிகளிலேயே பிரேசிலின் ஃபெர்னாண்டின்யோவின் காலிலிருந்து ஜெர்மனியின் டோனி குரூஸ் பந்தைப் பறித்து, கெடிராவோடு மாற்றி ஆடி, கோலாக்கிவிட்டார். பிரேசில் ஆட்டக்காரர்கள் யாரும் பயந்து ஓடி ஒளியவில்லை. திருப்பிக் கொடுக்கிற வெறியில் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் போய்விட்டார்கள். நெய்மார் காயத்தில் வெளியே. கேப்டன் தியாகோ சில்வா மஞ்சள் அட்டைத் தடையில் வெளியே. பின்வரிசையைக் கட்டிப்போட்டு "நில், அவசரப்படாதே" என்று சொல்கிற குரல் அன்றைக்கு மைதானத்தில் இல்லை. உலகத்திலேயே அதிக முறை உலகக் கோப்பை வென்ற நாட்டுக்கு ஆறு நிமிடத்தில் இது நடக்கும் என்றால், பதினெட்டு வயதுப் பையன்களை ஏன் கோழை என்று சொல்ல வேண்டும்?

உடம்பில் நடப்பதையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நெருக்கடியில் இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், பார்வை சுருங்கும். சாதாரண நேரத்தில் பந்து வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறவன் இப்போது பந்தை மட்டும் பார்ப்பான். பின்னால் ஆள் வருவது தெரியாது. தானாக வருகிற ஒரு சின்ன பாஸைக் கூட "சரியாகப் போடணும்" என்று யோசித்துப் போடுவான், அங்கேதான் தவறும். பெரிய போட்டிகளின் பெனால்ட்டி ஷூட் அவுட்களை நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். ரெஃப்ரியின் விசிலுக்குப் பிறகு தாமதிக்காமல் உடனே ஓடிப்போய் அடித்தவர்கள் அதிகம் தவறவிட்டார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்ற தவிப்பு அது. கோல் வாங்கிய அணி வலைக்குள்ளிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். கடைசி ஐந்து நிமிடம் என்றால் ஓடட்டும், அதில் தப்பில்லை. முப்பதாவது நிமிடத்தில் எதற்கு அந்த ஓட்டம்?

இனி நம் மைதானங்களுக்கு வருகிறேன். இங்கே வேறெங்கும் இல்லாத சில காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பேசாமல் மனசைப் பேசிப் பயனில்லை.

முதல் காரணம் காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரை மைதானங்களில் மாலை ஆட்டம் என்றால் பாதி ஆட்டத்தைக் காற்றுதான் ஆடும். முதல் பாதியில் காற்று முதுகில் அடிக்கும் பக்கம் கிடைத்த அணி, கோலி அடித்த பந்துகூட எதிரணியின் பெனால்ட்டிப் பெட்டிக்குள் போய் விழுவதைப் பார்த்துத் தன்னைப் பெரிய அணியாக நினைத்துக்கொள்ளும். இரண்டாம் பாதியில் அதே கோலி அதே பலத்தில் அடிக்கும் பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் செங்குத்தாக இறங்கும். உடனே பையன்களுக்கு "ஆட்டம் கையை விட்டுப் போச்சு" என்ற எண்ணம் வந்துவிடும். ஆட்டம் எங்கேயும் போகவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது. தம்பி சொல்லும் "முதல் இருபது நிமிடம் நல்ல ஆட்டம்" என்பதில் எத்தனை மேட்ச்சில் காற்று உங்கள் பக்கம் இருந்தது என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடலாம்.

காற்றுக்கு எதிராக ஆடுவதற்கென்று தனி ஆட்டம் உண்டு. கோலி தூக்கி அடிக்கக் கூடாது, உருட்டிவிட வேண்டும். பேக்குகள் பந்தைத் தரையில் வைத்து, பக்கவாட்டில் மாற்றி, த்ரோ வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். எதிரணி காற்றோடு அடிக்கும் நீளமான பந்துகள் பெரும்பாலும் கோட்டைத் தாண்டித்தான் போகும். அதை ஓடித் துரத்தாமல் விட்டுவிட்டு கோல் கிக் வாங்கிக்கொள்ளலாம். எதிரணி கார்னர் போடும்போது காற்று பந்தை உள்ளே வளைக்கும், அதனால் கோலி கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும், முதல் கம்பத்தில் ஒருவன் கட்டாயம். டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் எடுப்பது என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறுபடும். முதல் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. கால் புதிதாக இருக்கும்போது கடினமானதை முடித்துவிடலாம், இரண்டாம் பாதியில் களைப்போடு இருக்கும் பையன்களுக்குக் காற்று துணைக்கு வரும்.

இரண்டாவது காரணம் கால்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்து ஆழ்கடல் படகுகளில் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். தோளிலும் கையிலும் அவர்களுக்கு இருக்கும் பலம் வேறு யாருக்கும் வராது. ஆனால் படகில் ஓட இடமில்லை. கரை இறங்கி இரண்டு நாளில் டூர்னமெண்ட்டில் இறங்குகிறவன் முதல் அரை மணி நேரம் பலத்தால் ஆடுவான், மோதுவான், ஹெட் எடுப்பான். அப்புறம் தொடை இறுகிவிடும். ஒரு அடி தாமதமாகப் பந்துக்குப் போவான், ஃபவுல் ஆகும், ஃப்ரீ கிக்கில் கோல் விழும். அதைப் பார்த்து "மனசு விட்டுட்டான்" என்று சொல்வது அநியாயம். தளர்ந்தது கால்தான். உங்கள் அணியில் யார் எப்போது கரைக்கு வந்தார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அவர்களை இரண்டாம் பாதியில் இறக்குங்கள், அல்லது பாதியில் மாற்றுங்கள். டூர்னமெண்ட் விதி எத்தனை மாற்று ஆட்களை அனுமதிக்கிறதோ அத்தனையையும் பயன்படுத்துங்கள். நம் ஊர்களில் சப் இறக்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது போக வேண்டும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம், கோட்டோரக் குரல்கள். நம் ஊர்களில் பந்தாட்டம் என்றால் ஊரே வரும். கோயில் மைதானத்தின் மதிலில், படகு நிறுத்தும் இடத்தில், மணலில், எங்கும் ஆட்கள். அந்த அன்பு வேறு எந்த மாவட்டத்திலும் இப்படிக் கிடைக்குமா தெரியாது. தமிழ்நாட்டுக்கும் இந்தியாவின் பெரிய கிளப்களுக்கும் இந்தக் கரையிலிருந்து பையன்கள் போனதற்கு அந்த அன்புதான் காரணம். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜை நாடே அறியும். ஆனால் அதே கூட்டம் கோல் விழுந்த அடுத்த நொடி என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அவனை வெளிய எடுல!" "அப்பனை மாதிரியே இருக்கான் பாரு!" பதினேழு வயதுப் பையன் ஒருவன் பந்தைத் தவறவிட்டால், அதை அவன் ஆட்டம் முடிந்து கடைத்தெருவில் கேட்பான், வீட்டில் கேட்பான், மறுநாள் கடற்கரையில் கேட்பான். சின்ன ஊர்களில் தவறு செய்தவனுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

அந்தப் பையன் அடுத்த மேட்ச்சில் என்ன செய்வான்? பந்து கேட்க மாட்டான். பந்து வராவிட்டால் தவறும் வராது, அவ்வளவுதான் அவன் கணக்கு. மேலே சொன்னேனே, பந்து கேட்கிற குரல் நின்றுபோவது, அது பெரும்பாலும் இங்கே பிறக்கிறது. திட்டினால் ரோஷம் வந்து ஆடுவான் என்று நம்புகிற பெரியவர்கள் நம்மிடம் நிறைய. அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திட்டு வாங்கிய பையன் ரோஷத்தில் செய்வது பெரும்பாலும் ஒரு முட்டாள்தனமான ஃபவுல். பந்தை வாங்கித் தலை நிமிர்ந்து ஆடுவதற்கு அவனுக்குத் தேவை, தவறினால் பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்ற உறுதி.

கடலில் நம் ஆட்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். பக்கவாட்டில் பெரிய அலை அடித்து வள்ளம் சாய்ந்தால், "யாரால வந்தது" என்று யாரும் கேட்பதில்லை. ஆளாளுக்கு ஒரு இடம், ஒரு வேலை, படகை நடத்தும் ஸ்ராங்கின் ஒரு சத்தம். யார் தவறு என்ற பேச்சு கரைக்கு வந்த பிறகுதான். மைதானத்தில் மட்டும் ஏன் அலை அடிக்கும்போதே விசாரணை நடத்துகிறோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயல் இந்தக் கரையிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். அப்பாவை, அண்ணனை இழந்து வளர்ந்த பையன்கள் இப்போது நம் அணிகளில் ஆடும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மைதானத்தில் திடீரென்று உறைந்துபோனாலோ, பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாலோ, தூங்காமல் சாப்பிடாமல் இருந்தாலோ, அது பந்தாட்டப் பிரச்சினை அல்ல. கோச் அவனைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அப்படிப்பட்ட பையனை எல்லோர் முன்னாலும் "தைரியம் இல்லாதவன்" என்று சொல்கிறவர்களை மைதானத்துப் பக்கமே விடாதீர்கள்.

சரி, முன்னிலையில் இருக்கும்போது கைவிடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு நம் இந்திய அணியே பாடம். 2019 செப்டம்பர் 5, குவாஹாட்டி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஓமனுக்கு எதிராக 24-வது நிமிடத்தில் கேப்டன் சுனில் சேத்ரி கோல் போட்டார். முதல் பாதி முழுக்க இந்தியாவின் ஆட்டம்தான். கடைசியில் 82-லும் 90-லும் வாங்கி 2-1 என்று தோற்றோம். 2024 மார்ச் 26, அதே குவாஹாட்டி, ஆப்கானிஸ்தான். சேத்ரிக்கு அது 150-வது சர்வதேச ஆட்டம். 38-வது நிமிடத்தில் பெனால்ட்டியில் முன்னிலை, 70-லும் 88-லும் வாங்கி மறுபடியும் 2-1. இரண்டிலும் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே. முன்னிலையைக் காப்பாற்றுகிறேன் என்று அணி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பந்தைப் பறித்த பிறகு அதை வாங்கி வைத்துக்கொள்ள முன்னால் ஆள் இல்லை. அதனால் பறித்த பந்து உடனே எதிரணியிடம் போனது. காப்பது என்றால் பந்தை விட்டுக்கொடுப்பது என்று ஆகிவிட்டால், நேரம் போகப் போகக் கோல் விழத்தான் செய்யும்.

உங்கள் அணி முன்னிலையில் இருக்கும்போது ஒரு விதி வையுங்கள். எவ்வளவு நெருக்கடியிலும் ஒரு ஃபார்வேர்டு நடுக்கோட்டுக்குப் பின்னால் வரக் கூடாது. அவன் அங்கே நின்றாலே எதிரணியின் இரண்டு பேக்குகள் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். நம் பெட்டிக்குள் வருகிறவர்கள் இரண்டு பேர் குறைவார்கள்.

திரும்பி வந்த அணிகளைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் "நம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். 2005 மே 25, இஸ்தான்புல். ஏசி மிலனிடம் இடைவேளையில் 3-0 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல் ஆறு நிமிட இடைவெளியில் மூன்று கோல் போட்டு, பெனால்ட்டியில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. கேப்டன் ஜெரார்டின் மன உறுதியைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆனால் இடைவேளையில் பயிற்சியாளர் பெனிட்டஸ் ஃபின்னனை எடுத்துவிட்டு ஹாமனை நடுவில் இறக்கி, பின்வரிசையை மூன்று பேராக மாற்றினார். முதல் பாதி முழுக்க மிலன் ஆட்டக்காரர் காக்கா நிம்மதியாக ஓடித் திரிந்த அந்த நடு இடம் அடைபட்டது. கோல்கள் அதற்குப் பிறகு வந்தவை. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்திலும் அப்படித்தான். பிரான்ஸ் அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கியிருந்தபோது அதன் பயிற்சியாளர் தேஷாம் இடைவேளைக்குக் கூடக் காத்திருக்காமல் 41-வது நிமிடத்தில் ஜிரூ, டெம்பெலே இருவரையும் வெளியே எடுத்தார். கோலோ முவானியும் துராமும் உள்ளே வந்தார்கள். 80, 81-வது நிமிடங்களில் எம்பாப்பேயின் இரண்டு கோல்கள். அவற்றில் முதலாவது, கோலோ முவானி ஓடி வாங்கிக் கொடுத்த பெனால்ட்டியில் வந்தது.

அதே மேட்ச்சில் அர்ஜென்டினா பக்கத்தையும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அதுதான் நெருக்கம். இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கி, கையிலிருந்த கோப்பை நழுவுகிற நிலை. அந்தத் தொடரிலேயே அவர்கள் சவுதி அரேபியாவிடம் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வாங்கித் தோற்றிருந்தார்கள். காலிறுதியில் நெதர்லாந்திடம் 2-0 என்ற முன்னிலையைக் கடைசி நிமிடங்களில் இழந்து, பெனால்ட்டியில் தப்பியிருந்தார்கள். ஆக அவர்களும் உடையக்கூடிய அணிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அடுத்த பந்தை யார் வாங்குவது என்பதில் குழப்பம் இல்லை. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி மறுபடி கோல் போட்டார், எம்பாப்பே மறுபடி சமன் செய்தார், கடைசி விநாடிகளில் கோலி எமிலியானோ மார்ட்டினஸ் காலை நீட்டி ஒரு கோலைத் தடுத்தார். அப்புறம் பெனால்ட்டியில் 4-2. உடைவது தவறில்லை, உடைந்த இடத்திலேயே நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் மாநிலத்திலேயே ஒன்று உண்டு. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணிக்கு இந்தியக் கிளப்கள் ஆடும் ஐ-லீக்கின் கடைசி ஆட்டம், எதிரே மினர்வா பஞ்சாப். ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே சென்னை சிட்டி கோல் வாங்கியது. முதல் பாதி முழுக்கத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் ஆட்டத்தை மாற்றவில்லை, பந்தைத் தரையில் வைத்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு கோல்களை அடித்தவர் பின்வரிசைக்காரரான கௌரவ் போரா. 3-1. அன்றைக்கு ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் உங்கள் பையன்களை உட்கார வைத்துப் போடுங்கள். கோல்களை விட, மூன்றாவது நிமிடத்திலிருந்து இடைவேளை வரைக்குமான ஆட்டத்தைப் போடுங்கள்.

இனி பயிற்சியில் என்ன செய்வது. கோல் வாங்கியவுடன் செய்ய வேண்டியதை முதலில் பழக்குங்கள். பந்தை வலையிலிருந்து எடுப்பது கோலி மட்டும். அவன் எடுத்து ஸ்டாப்பரிடம் கொடுக்க, ஸ்டாப்பர் நடந்து கொண்டுபோய் நடுவில் வைக்கட்டும். அந்த நேரத்தில் கேப்டன் தவறு செய்தவனிடம் போய், தோளில் கை வைத்து, அடுத்த வேலையைச் சொல்ல வேண்டும். "பரவாயில்லை" என்று சொன்னால் போதாது. "அடுத்த பந்தை உன்கிட்ட போடச் சொல்றேன், வாங்கி எனக்குக் குடு" என்று சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் பந்து பின்னால் வரும், மூன்று நான்கு பாஸ், அப்புறம் எதிரணியின் மூலைக்கு நீளமாக. அங்கே ஒரு த்ரோ கிடைத்தாலும் போதும், எதிரணிக்குக் கிடைத்தாலும் போதும். அணி முழுக்க ஏறி, இடைவெளி குறைந்து, ஒழுங்குக்கு வந்துவிடும். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் கோல் போட முயற்சி செய்ய வேண்டியதில்லை.

கோலிக்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டத்தை ஆற்றுகிறேன் என்று பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துக்கிடக்கும் வேலை இனி செல்லாது. 2025-ல் மாறிய விதிப்படி 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். ஊர் டூர்னமெண்ட் ரெஃப்ரிகளும் இதை எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் சிக்கல். பந்தைப் பிடித்ததும் எழுந்து, பார்த்து, உருட்டப் பழக்குங்கள்.

அடுத்து, பயிற்சி ஆட்டங்களை 0-0 என்று தொடங்காதீர்கள். ஒரு அணி 2-0 என்று பின்தங்கியிருக்கிறது, பதினைந்து நிமிடம்தான் மீதி என்று தொடங்குங்கள். இன்னொரு நாள் 1-0 முன்னிலை, ஒரு ஆள் குறைவு, எதிர்க்காற்று. வேண்டுமென்றே ஒரு தவறான ஃபவுல் கொடுங்கள், தவறான பெனால்ட்டி கொடுங்கள். வாய் பேசுகிறவனை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வையுங்கள். கோட்டோரம் பத்துப் பேரை நிற்க வைத்துச் சத்தம் போடச் சொல்லுங்கள், மைதானத்துக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆடட்டும். ஆரம்பத்தில் சண்டை வரும், கோபித்துக்கொண்டு போவார்கள். வரட்டும். டூர்னமெண்ட்டில் வருவதற்கு முன்னால் இங்கே வந்து தீர்ந்துபோவது நல்லது.

யார் கேப்டன் என்பதையும் யோசியுங்கள். நம் அணிகளில் அதிகம் கோல் போடுகிறவனுக்குக் கேப்டன் பட்டை கொடுத்துவிடுகிறோம். கோல் வாங்கும்போது அவன் நாற்பது மீட்டர் தள்ளி இடுப்பில் கை வைத்து நிற்பான். ஸ்டாப்பரோ நடு ஹாஃபோ கேப்டனாக இருந்தால் பேச வேண்டியவர்கள் எல்லோரும் அவன் சத்தம் எட்டும் தூரத்தில் இருப்பார்கள். குரல் இருக்கிறவனைத் தேடுங்கள், நன்றாக ஆடுகிறவன் வேறு யாராகவும் இருக்கட்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். கமிட்டியிடம் சொல்லி, ஆட்டம் முடிகிற வரைக்கும் அணியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் கோச்சைத் தவிர யாரும் வரக் கூடாது என்று ஒரு கயிறு கட்டச் சொல்லுங்கள். இடைவேளையில் எட்டுப் பேர் எட்டு விதமாக ஆலோசனை சொல்வதை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர், மூன்று நிமிட அமைதி, அப்புறம் ஒருவர் மட்டும் இரண்டு விஷயம் சொல்வது. ஊக்கப் பேச்சாளர்களைக் கூட்டி வந்து பணம் செலவழிக்க வேண்டாம், அந்தப் பணத்தில் பையன்களுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

நேரம் எப்போது என்று கேட்பீர்கள். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பது அப்போதுதான், காற்றும் அப்போது பலமாக இருக்கும். முதல் மூன்று வாரம் பந்தை விட ஓட்டத்துக்கு அதிகம் கொடுங்கள், மணலில் வேண்டாம், கெட்டியான தரையில். அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு நாள் 2-0 பின்தங்கிய ஆட்டம், ஒரு நாள் முன்னிலையைக் காக்கும் ஆட்டம். பயிற்சி மேட்ச்களை மொபைலில் எடுத்து, கோல் விழுந்த பிறகு வரும் ஐந்து நிமிடங்களை மட்டும் வெட்டி வையுங்கள். அவற்றில் நம் அணி எத்தனை முறை பந்து கேட்டது, ஸ்டாப்பருக்கும் ஃபார்வேர்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைப் பையன்களையே எண்ணச் சொல்லுங்கள். ஜூலை கடைசியில் அந்த எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மாறவில்லை என்றால் வீடியோவையும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துப் பேசுவோம்.